வருவான், வந்தால் நல்லது, வர வேண்டும்: எதிர்பார்ப்புகளைக் கையாள ஓர் அறிமுகம்

“தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவான்னு எதிர்பார்த்தேன்.” இப்படிச் சொல்லும் ஓர் அக்கா என்ன சொல்கிறார் என்று நிதானித்துப் பார்த்தால் மூன்று பொருள் கிடைக்கும். அவன் வருவான் என்று கணித்திருந்தேன் என்பது ஒன்று. வந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன் என்பது இன்னொன்று. வந்திருக்க வேண்டும், அது அவன் பொறுப்பு என்பது மூன்றாவது. கணிப்பு, விருப்பம், கட்டாயம் என்ற மூன்றையும் ‘எதிர்பார்ப்பு’ என்ற ஒரே சொல் சுமக்கிறது. அதனால்தான் மூன்றில் எது பொய்த்தது என்று தெரியாமலே ஏமாந்து நிற்கிறோம்.

இந்த மூன்றையும் பிரிக்க நம் மொழியே ஒரு வழி தருகிறது. மனதில் இருப்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதி, வினைச்சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘வருவான்’ என்று முடிந்தால் கணிப்பு. ‘வந்தால் நல்லது’ என்று முடிந்தால் விருப்பம். ‘வர வேண்டும்’ என்றால் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் ஆதாரம் வேறு. கணிப்புக்கு ஆதாரம் கடந்த கால நடப்பு: போன ஐந்து ஞாயிறுகளில் எத்தனை முறை வந்தான்? விருப்பத்துக்கு ஆதாரமே வேண்டியதில்லை. யாரும் எதற்கும் ஆசைப்படலாம். கட்டாயத்துக்கு மட்டும் கண்டிப்பான ஆதாரம் வேண்டும். ஒன்று, அவன் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அல்லது அது மனிதருக்கு மனிதர் கட்டாயம் தர வேண்டிய அடிப்படை மரியாதையாக இருக்க வேண்டும்.

தம்பி வருவதாகச் சொல்லவில்லை, போன ஐந்து வாரத்தில் ஒரு முறைதான் வந்தான் என்றால், அக்காவிடம் இருந்தது விருப்பம் மட்டுமே. அந்த விருப்பம் எப்போதோ ‘வேண்டும்’ என்ற உடையை மாட்டிக்கொண்டுவிட்டது. விருப்பம் நிறைவேறாவிட்டால் வருத்தம் வரும், அது ஆறக்கூடியது. கட்டாயம் மீறப்பட்டால் கோபம் வரும்; அது உறவில் தழும்பை விடும். நாள் முழுக்கக் கோபமாக இருக்கும் ஒருவர், தன் வாக்கியம் எந்த இடத்தில் ‘ஆல்’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்கு மாறியது என்று கண்டுபிடித்தாலே கோபத்தின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

எதுவுமே எதிர்பார்க்காதே என்ற அறிவுரை ஏன் நிற்பதில்லை

எதிர்பார்ப்பே துன்பத்துக்குக் காரணம், ஆகவே அதை விட்டுவிடு என்ற அறிவுரையை எல்லோரும் கேட்டிருப்போம். நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் மூளை அப்படி வேலை செய்வதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் கணித்துக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் செயல்பாட்டைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துள்ளின. ஒரு சைகைக்குப் பின் சாறு வரும் என்று பழகிய பிறகு, சாறு வந்தபோது அவை சலனமில்லாமல் இருந்தன. சைகை வந்தும் சாறு வராதபோது, சாறு வர வேண்டிய அதே நொடியில், வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கின. கிடைத்தது எவ்வளவு என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே அங்கே பதிவாகிறது. ஏமாற்றம் என்று நாம் சொல்வதும் இந்த வித்தியாசத்தோடு தொடர்புடையதுதான். கணிக்கும் வேலையை நிறுத்த முடியாது. கணிப்பைச் சரிசெய்ய மட்டுமே முடியும்.

எதிர்பார்ப்பை ஒரேயடியாகக் குறைத்துக்கொள்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது எதிரில் இருப்பவரையும் சுருக்கிவிடக்கூடும். ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்த சில மாணவர்களை ‘இவர்கள் விரைவில் மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகம் உயர்ந்தது. அந்த ஆய்வின் முறை மீது பின்னர் கடும் விமர்சனங்கள் வந்தன. விளைவு உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறியது என்பதே பிற்கால ஆய்வுகளின் நிலை. சிறியதாக இருந்தாலும், ஒரு பிள்ளையிடம் ‘உன்னால் இவ்வளவுதான்’ என்று முடிவு கட்டிவிடுவதற்கு நாம் தயங்க இதுவே போதும்.

தவிர, சில எதிர்பார்ப்புகளைக் குறைக்கவே கூடாது. அடிக்காமல் இருப்பது, பிறர் முன்னால் இழிவுபடுத்தாமல் இருப்பது, ஒப்புக்கொண்ட கூலியைத் தருவது, சொன்ன ரகசியத்தைக் காப்பது ஆகியவை விருப்பப் பட்டியலில் சேராதவை. ஒருவர் தொடர்ந்து உங்களைத் துன்புறுத்துகிறார் என்றால் அங்கே எதிர்பார்ப்பைச் சீர்செய்யும் வேலை எதுவும் இல்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் உதவி கேட்பதுமே செய்ய வேண்டியவை. இந்தக் கட்டுரையில் வரும் முறைகள் எதுவும் அப்படிப்பட்ட சூழலுக்குப் பொருந்தாது.

உங்களிடம் நீங்கள் எதிர்பார்ப்பது

தன்னைப் பற்றிய எதிர்பார்ப்பில் முதலில் தவறுவது நேரக் கணக்கு. 1979இல் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் இதைத் திட்டமிடல் பிழை என்று குறித்தார்கள். 1994இல் ரோஜர் பியூலர் குழுவினர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சுமார் 56 நாள். அதாவது, நினைத்துப் பார்க்க முடிந்த மோசமான நிலையையும் தாண்டிப் போனது. சிட்னி ஆப்பரா மாளிகை 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963இல் முடியும் என்று திட்டமிடப்பட்டது. திறந்தது 1973இல், செலவு 10 கோடியே 20 லட்சம். சோம்பலோ ஒழுக்கக் குறைவோ இதற்குக் காரணமல்ல. ஒரு வேலையைத் திட்டமிடும்போது அந்த வேலையின் படிகளை மட்டும் மனக்கண்ணில் ஓட்டுகிறோம். இடையில் வரும் காய்ச்சல், அழைப்பு, தொலைந்த கோப்பு, பதில் வராத மின்னஞ்சல் எதுவும் அந்தப் படத்தில் வருவதில்லை. இவற்றில் குறிப்பிட்ட ஒன்று வருமா என்று சொல்ல முடியாது. ஏதோ ஒன்று வரும் என்பது மட்டும் நிச்சயம்.

இதற்கு மருந்து, படத்தை விட்டுவிட்டுப் பதிவேட்டைப் பார்ப்பது. இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள்: வேலை தொடங்கும் முன் நினைத்த நேரம், முடிந்தபின் ஆன நேரம். மூன்று வேலைகளுக்கு 2, 3, 1 மணி என்று நினைத்து, ஆனது 3, 4, 2 மணி என்றால், நினைத்தது மொத்தம் 6, ஆனது 9. ஒன்பதை ஆறால் வகுத்தால் ஒன்றரை. இதுதான் உங்கள் பெருக்கல் எண். அடுத்த வேலை 4 மணி நேரம் ஆகும் என்று தோன்றினால், பிறருக்கு 6 மணி என்று சொல்லுங்கள். ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் இந்த எண் மாறும். பழகிய வேலைக்கு ஒன்றரைக்கும் கீழே வரலாம். முதல்முறை செய்யும் வேலைக்கு இரண்டைத் தாண்டலாம். ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு வையுங்கள். இதில் வழக்கமாக நேரும் தவறு, 6 மணி இருக்கிறதே என்று தொடங்குவதைத் தள்ளிப்போடுவது. பிறருக்குச் சொல்லும் கெடு 6 மணியாகவும், உங்களுக்கு வைத்துக்கொள்ளும் இலக்கு 4 மணியாகவும் இருக்கட்டும். இடையில் உள்ள 2 மணி தவிர்க்க முடியாத தடங்கலுக்கு உரியது.

அடுத்து வருவது, கையில் இல்லாததைத் தன்னிடம் எதிர்பார்ப்பது. தேர்வில் முதலிடம், நேர்காணலில் வேலை, மூன்று மாதத்தில் 10 கிலோ எடை குறைவு ஆகியவை எல்லாம் விளைவுகள். அவற்றில் மற்றவர்களின் திறமை, தேர்வாளரின் முடிவு, உடலின் இயல்பு கலந்திருக்கின்றன. விளைவை விருப்பமாக வைத்துக்கொள்ளலாம். ‘வேண்டும்’ என்ற சொல்லைச் செயலுக்கு மட்டும் ஒதுக்குங்கள். ‘முதலிடம் வந்தால் நல்லது. தினமும் 2 மணி நேரம் பழைய வினாத்தாள் எழுத வேண்டும்.’ இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் எதற்காக உங்களை நீங்களே கேள்வி கேட்கலாம், எதற்காகக் கேட்கக் கூடாது என்பது தெளிவாகும்.

அந்தச் செயலுக்கும் ஒரே அளவு வைக்காமல் மூன்று அளவு வையுங்கள். நடைப்பயிற்சி என்றால், மோசமான நாளுக்கு 5 நிமிடம், சாதாரண நாளுக்கு 25, நல்ல நாளுக்கு 45. பெரும்பாலானோர் நல்ல நாளின் அளவை அன்றாட அளவாக நிர்ணயித்துவிட்டு நான்காம் நாள் தோற்கிறார்கள். தோற்றதும் ‘கெட்டது கெட்டுவிட்டது’ என்று முழுவதையும் விட்டுவிடுவது அடுத்த கட்டம். உண்மையில் நிறைய முயற்சிகள் முதல் நாள் தவறியதால் சாவதில்லை. தவறியதற்குப் பிறகு வரும் இந்த நினைப்பால்தான் சாகின்றன. 96 பேரை வைத்து லண்டனில் பிலிப்பா லாலி செய்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நம்பித் தொடங்குபவர் 22ஆம் நாள் தன்னையே குறை சொல்வார். அவரிடம் கோளாறு ஒன்றும் இல்லை. அவர் கையில் இருந்த எண்தான் தவறு.

தவறும் நாளுக்கு முன்கூட்டியே ஒரு வாக்கியம் தயாராக இருப்பது நல்லது. ‘மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம் நடப்பேன்’ என்பது போல, ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில். பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் தீர்மானத்தைவிட இந்த வடிவம் இலக்கை அடைய நன்றாகவே உதவியது தெரிந்தது. ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்பதில் எப்போது, எங்கே என்பது இல்லை; அதனால் அது தேவையான நொடியில் நினைவுக்கு வருவதில்லை.

தன்னிடம் கண்டிப்பாக இல்லாவிட்டால் சோம்பேறியாகிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. 2012இல் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் இதைச் சோதித்தார்கள். கடினமான தேர்வில் தோற்ற பின், தன்னைக் கனிவோடு பார்க்கத் தூண்டப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். கனிவு என்றால் தவறை மறைப்பதல்ல. ‘இது கடினமாக இருந்தது, பலருக்கும் இப்படி நேரும், அடுத்து எதை மாற்றலாம்’ என்று ஒரு நல்ல நண்பரிடம் பேசும் குரலில் தன்னிடம் பேசுவது.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பார்க்க வேண்டும்: உள்ளே ‘வேண்டும்’ என்று சொல்லும் குரல் யாருடையது? பால் ஹெவிட்டும் கோர்டன் பிளெட்டும் 1991இல் எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற பூரணத்துவ நாட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தானே தன்மீது வைப்பது, பிறர்மீது வைப்பது, பிறர் தன்மீது வைத்திருப்பதாகத் தான் நம்புவது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் மிக நெருங்கிய தொடர்புடையது இந்த மூன்றாவது வகை. 1989க்கும் 2016க்கும் இடையில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 40,000க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களின் பதில்களை ஒப்பிட்டபோது மூன்று வகையும் கூடியிருந்தன. அதிகம் கூடியது இந்த மூன்றாவதுதான். ‘நம்புவது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்பா அப்படி எதிர்பார்க்கிறார் என்று பதினைந்து ஆண்டுகளாக நினைத்திருப்போம். அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டோம். கேட்க முடிந்தால் கேளுங்கள். முடியாவிட்டால், அந்த எதிர்பார்ப்பை உங்களுடையதாக இன்று மறுபடி தேர்ந்தெடுப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதைக் கீழே இறக்கி வைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

சொல்லாத எதிர்பார்ப்பு

பிறரிடம் வைக்கும் எதிர்பார்ப்புகளில் மிகப் பெரும் துன்பம் தருவது, வாய்விட்டுச் சொல்லாதது. 1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஓர் எளிய சோதனை செய்தார். ஒருவர் நன்கு தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் சரியாகச் சொல்லப்பட்டவை 3. தட்டுபவரின் மனதில் சொல்லும் மெட்டும் முழுசாக ஒலித்துக்கொண்டிருக்கும். எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் டக் டக். பெருமூச்சு விடுவது, பாத்திரத்தைச் சத்தமாக வைப்பது, ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாமே இப்படி மேசையில் தட்டுவதுதான். உள்ளே பாட்டு ஓடுகிறது. வெளியே போய்ச் சேருவது டக் டக் மட்டும்.

“சொல்லித்தான் தெரியணுமா? அன்பு இருந்தா தானா புரியாதா?” என்ற கேள்விக்கு இங்கே நேராகப் பதில் சொல்ல வேண்டும். அன்பு இருந்தாலும் புரியாது. நெடுநாள் சேர்ந்து வாழ்பவர்கள் ஒருவருடைய பழக்கத்தை ஒருவர் அறிவார்கள். இன்றைய மனதை அறிய மாட்டார்கள். கேட்டு வாங்கிய உதவியில் மதிப்பில்லை என்ற எண்ணம் எத்தனையோ நல்ல உறவுகளைப் பட்டினி போட்டிருக்கிறது. கேட்ட பிறகு ஒருவர் நேரம் ஒதுக்கி, மறக்காமல் செய்கிறார் என்றால் அந்த நினைவில் வைத்தலே அன்பின் உழைப்பு.

கேட்கும்போது நான்கு விவரங்கள் இருக்கட்டும்: என்ன, எவ்வளவு, எப்போதுக்குள், முடியாமல் போனால் என்ன செய்வது. “நீ கொஞ்சம் உதவியா இருக்கக் கூடாதா?” என்ற கேள்வியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை, குற்றச்சாட்டு மட்டும் இருக்கிறது. அதையே அக்கா தம்பியிடம் இப்படிக் கேட்கலாம்: “தம்பி, அடுத்த ஆறு வாரத்துக்குச் சனிக்கிழமை காலையில அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதை நீ எடுத்துக்க முடியுமா? ஏதாவது ஒரு சனிக்கிழமை முடியாதுன்னா வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள எனக்குச் சொல்லிடு, நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்.” கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் முடியாத வாரம் அவன் சங்கடத்தில் சொல்லாமல் விடுவான். அக்காவுக்கு அது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் தெரியும்.

பதிலையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். “பார்க்கலாம்” என்பது சம்மதம் ஆகாது. “முயற்சி பண்றேன்” என்பதும் ஆகாது. மௌனம் சம்மதத்துக்கு அடையாளம் என்ற பழைய வாசகத்தை இந்த இடத்தில் நம்பாதீர்கள். “அப்போ சனிக்கிழமை உன் பொறுப்புன்னு வச்சுக்கலாமா, இல்ல இன்னும் யோசிக்கணுமா?” என்று மெதுவாக உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் “முடியாது” என்று சொன்னால் அதை ஏற்கவும் தயாராக இருங்கள். முடியாது என்றதும் முகம் கோணினால், நீங்கள் வைத்தது வேண்டுகோள் இல்லை, உத்தரவு என்று அவருக்குப் புரிந்துவிடும். அடுத்த முறை அவர் பொய்யாகச் சம்மதிப்பார். பொய்ச் சம்மதத்தைவிட நேரான மறுப்பு எவ்வளவோ மேல். அதை வைத்து வேறு திட்டமாவது போடலாம்.

வீட்டு வேலைப் பங்கீட்டில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. மைக்கேல் ராஸும் ஃபியோர் சிகோலியும் 1979இல் தம்பதிகளிடம், ஒவ்வொரு வேலையிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது தனக்கு எளிதாக நினைவுக்கு வருகிறது. மற்றவர் செய்தது கண்ணில் படாமலே முடிந்துவிடுகிறது. ஆகவே ‘எல்லாம் நானேதான் செய்கிறேன்’ என்று தோன்றும்போது வாதத்தில் இறங்குவதற்கு முன், இருவரும் ஒரு வாரம் செய்தவற்றைத் தனித்தனித் தாளில் எழுதி மாற்றிப் படியுங்கள். மருந்து தீர்ந்ததா என்று பார்ப்பது, கட்டணக் கெடுவை நினைவில் வைப்பது போன்ற கண்ணுக்குத் தெரியாத வேலைகளையும் எழுத வேண்டும். பட்டியலில் விடுபடுவதும் சண்டையில் வெடிப்பதும் பெரும்பாலும் அவைதான்.

அதே ஆள், அதே தவறு

ஒருவர் இதுவரை ஐந்து முறையும் தாமதமாக வந்திருக்கிறார். ஆறாவது முறை நேரத்துக்கு வருவார் என்று நம்புவதற்கு முன், இடையில் என்ன மாறியது என்று கேளுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் ‘நேரத்துக்கு வர வேண்டும்’ என்பது நியாயமான கட்டாயமாகவே இருக்கலாம். ஆனால் ‘வருவார்’ என்ற கணிப்பு தவறு. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். பொறுப்பை நினைவூட்டுவது ஒரு கை, அவர் வராவிட்டாலும் காரியம் நிற்காதபடி மாற்று ஏற்பாடு செய்வது மறு கை. மாற்று ஏற்பாடு செய்வது அவரைத் தண்டிப்பதற்காக இல்லை.

ஒப்புக்கொண்டதை ஒருவர் செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். தெரியவில்லை, முடியவில்லை, விருப்பமில்லை. மூன்றுக்கும் சிகிச்சை வேறு. தெரியாதவருக்குக் கற்றுத்தர வேண்டும், அல்லது செய்து காட்ட வேண்டும். முடியாதவருக்குச் சுமையைக் குறைக்க வேண்டும். நேரமா, பணமா, உடல்நலமா எது தடை என்று கேட்க வேண்டும். விருப்பமில்லாதவரிடம் ஒப்பந்தத்தையே மறுபடி பேச வேண்டும். பெரும்பாலும் நாம் எடுத்த எடுப்பில் விருப்பமின்மைக்குத் தாவிவிடுகிறோம்: ‘அவனுக்கு அக்கறையே இல்லை.’ எப்படிச் செய்வது என்று தெரியாமல் தடுமாறுபவரிடம் அக்கறையைப் பற்றி உபதேசித்தால் அவர் இன்னும் ஒதுங்குவார்.

எது காரணம் என்று அறிய ஒரே வழி, பழி சுமத்தாமல் கேட்பது. “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்கினால் அவர் விதிவிலக்குகளைத் தேடத் தொடங்குவார். பேச்சு அங்கேயே முடியும். நடந்தது, அதனால் ஆனது, இனி வேண்டியது என்ற வரிசையில் பேசிப் பாருங்கள். “போன இரண்டு சனிக்கிழமையும் நீ வரலை. நான் வேலையில லீவு போட வேண்டியதாச்சு. என்ன தடங்கல்னு சொல்லு, இந்த ஏற்பாட்டை எப்படி மாத்தலாம்னு பேசுவோம்.” ஒருமுறை தவறினால் கேளுங்கள். மூன்று முறை தவறினால் ஏற்பாட்டையே மாற்றுங்கள்.

உங்கள் மீது பிறர் வைப்பது

இந்தப் பகுதியில் சொல்ல வேண்டியது குறைவு, செய்வதுதான் கடினம். யாராவது ஏதாவது கேட்டதும் ‘சரி’ என்று சொல்லிப் பழகியவர்கள் முதலில் கற்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: “யோசிச்சு நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்.” அதில் நேரம் குறித்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் நீங்களே போய்ச் சொல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் அது நழுவல் என்று எடுத்துக்கொள்ளப்படும், அப்படி எடுத்துக்கொள்வதும் நியாயம்தான். முழுவதும் முடியாதபோது எந்தப் பகுதி முடியும் என்று சொல்லுங்கள்: “மொத்த அறிக்கையும் முடியாது. முதல் இரண்டு பகுதியைப் புதன்கிழமைக்குள் தர முடியும்.” மறுப்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. காரணங்களை அடுக்கினால் எதிரில் இருப்பவர் ஒவ்வொன்றாகத் தீர்த்துவைக்க முயல்வார்.

அலுவலகத்தில் மேலாளர் மூன்று அவசர வேலைகளை ஒன்றாகத் தந்தால் ‘முடியாது’ என்பதைவிட, “சார், மூணுக்கும் சேர்த்து 12 மணி நேரம் ஆகும், இன்னைக்கு 7 மணி நேரம்தான் இருக்கு. எதை முதல்ல முடிக்கட்டும்?” என்று எண்களோடு கேட்பது நல்லது. எதைத் தள்ளிவைப்பது என்ற முடிவு அவருடையதாகிவிடும். முன்பு எழுதிவைத்த பெருக்கல் எண் இங்கே கைகொடுக்கும்.

தாமதமாகும் என்று தெரிந்த உடனே சொல்லிவிடுங்கள், கெடு நாளன்று சொல்லாதீர்கள். புதுத் தேதியைச் சற்றுத் தாராளமாக, ஒரே முறை சொல்லுங்கள். ‘நாளைக்கு’, ‘நாளன்னைக்கு’, ‘திங்கள்கிழமை’ என்று மூன்று முறை தள்ளிப்போவது, முதலிலேயே ஒரு வாரம் கேட்டதைவிட நம்பிக்கையை அதிகம் கெடுக்கும்.

ஏமாற்றம் வந்த பிறகு

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏமாற்றம் வரும். வந்த சூட்டில் செய்தி அனுப்பாமல் ஓர் இரவு தூங்கி எழுங்கள். பிறகு ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். நான் நினைத்தது என்ன? நடந்தது என்ன? நினைத்ததற்கு ஆதாரம் எது: பழைய நடப்பா, ஒப்புதலா, ஆசையா? அடுத்த முறை மாற்றப்போவது என்ன: கணிப்பையா, கேட்கும் முறையையா, ஆளையா? மூன்றாவது வரியில் நின்று நிதானிக்க வேண்டும். அங்கே ‘ஆசை’ என்று எழுதும்போது சற்று வலிக்கும். அதற்காக ஆசைப்பட்டதே தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். வருத்தப்படுவதற்கு நியாயமான ஒன்று நடந்திருக்கிறது, வருத்தப்படுங்கள். யார்மீதும் வழக்குப் போடாமலும் வருத்தப்படலாம்.

தாழ்ந்த மனநிலையோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது எதிர்பார்ப்புக் கணக்கால் தீரக்கூடியது இல்லை. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

எதிர்பார்ப்புக்கும் காலாவதி உண்டு

ஓர் உடன்பாடு போடப்பட்ட காலத்துச் சூழல் மாறியிருக்கும். உடன்பாடு மட்டும் பழைய நிலையிலேயே நிற்கும். தம்பிக்கு வேலை இல்லாதபோது ஒப்புக்கொண்ட சனிக்கிழமை, அவனுக்கு வேலையும் குழந்தையும் வந்தபின் அதே சனிக்கிழமையாக இருக்காது. முப்பது வயதில் உங்கள் உடலிடம் நீங்கள் கேட்ட வேகம் ஐம்பதில் நியாயமாக இராது. பெற்றோர் ஒரு காலத்தில் தாமாகச் செய்துகொண்டதை இப்போது மெதுவாகச் செய்வார்கள். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வது, காலாவதியான எதிர்பார்ப்பை இன்னும் கையில் வைத்திருப்பதால்தான்.

எனவே எந்த ஏற்பாட்டுக்கும் மறுபடி பேசும் தேதி ஒன்றைத் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். வீட்டு வேலைப் பங்கீட்டுக்கு மூன்று மாதம், முதியவரின் பராமரிப்புக்கு ஒரு மாதம், வேலை மாற்றம், பிரசவம், நோய் போன்ற பெரிய நிகழ்வு எதுவானாலும் உடனே. அன்று பேச அரை மணி நேரம் போதும், கேள்விகளும் இரண்டுதான்: “இந்த ஏற்பாட்டுல உனக்கு எது பாரமா இருக்கு?” “நான் செய்யறதுல எதை நீ கவனிக்காம விட்டுட்டதா நினைக்கிற?” முதல் கேள்விக்குப் பதில் வரும்வரை இரண்டாவதைக் கேட்காதீர்கள்.